அப்பா உயிரோடுதான் இருக்கிறார்

மூன்றாவது முறையாக மெதெர் அதையே சொன்னான். "அக்கா, அப்பா உயிரோடதான் இருக்காரு."

மூன்றாவது முறையாக பூரூல் முன்னைவிடச் சத்தமாக அழுதாள்.

அவள் கறந்துகொண்டிருந்த குதிரைப்பால் வாளியோடு கவிழ்ந்து புல்லில் ஓடியது. தலைத்துணியை அவிழ்த்து எறிந்துவிட்டுப் பின்னலைப் பிரிக்க ஆரம்பித்தாள். கூந்தலைப் பிரித்துவிட்டால் முடிந்தது. அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் அது துக்க வீடு. அந்தப் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாமா என்றுகூட மெதெருக்குத் தோன்றியது. முப்பத்தாறு வயது அக்காவின் சடையைப் பிடித்து இழுக்கும் வயது அவனுக்குக் கடந்துவிட்டது.

"உடம்பு முடியல. உன்னைப் பாக்கணும்ங்கிறாரு. கெளம்பு, அவ்வளவுதான் விஷயம்."

இதற்கு அழுகை இன்னும் ஏறியது. பக்கத்துக் கம்பளிக் கூடாரங்களிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஓடி வரும்போதே அழத் தொடங்கிவிட்டார்கள். காரணத்தை வந்து சேர்ந்த பிறகு கேட்டுக்கொண்டார்கள்.

அந்த மலைநாட்டில் அப்பன் செத்ததை மகளிடம் நேராகப் போய் எவனும் சொல்ல மாட்டான். கூட்டிவரப் போகிறவன், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்பான், மாடு முட்டிவிட்டது என்பான், சும்மா உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்பான். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிறந்தவர்கள் எல்லோரும் போகிறவர்கள்தான் என்று ஆரம்பித்து விஷயத்தைப் பதமாக இறக்குவார்கள். ஆகவே ஒருவன் விடியற்காலையில், பக்கவாட்டில் ஆள் உட்காரும் தொட்டிபோல சைட்கார் வைத்த பழைய ரஷ்ய மோட்டார் சைக்கிளில், கணவாய் தாண்டி சோங்-கோல் மேய்ச்சல் வெளிக்கு ஏறி வந்து, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னால் அதற்கு ஒரு பொருள்தான். உண்மையாகவே உடம்பு முடியாத அப்பாவை வைத்திருப்பவன் என்ன சொல்ல வேண்டும் என்று முன்னோர்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை.

மெதெர் விஷயத்தில் கூடுதலாக ஒரு சிக்கல். ஆறு வருஷத்துக்கு முன் அம்மா செத்தபோதும் பூரூலைக் கூட்டிப்போக வந்தவன் அவன்தான். அம்மா வாசலில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது என்றான். கால் முறிந்த அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டே மருமகளை எப்படி அதிகாரம் பண்ணுகிறாள் என்று நடித்துக் காட்டினான். வழி முழுக்க அக்காவைச் சிரிக்க வைத்துக்கொண்டு போனான். அவள் சிரித்த முகத்தோடு பிறந்த வீட்டு வாசலில் இறங்கினாள். முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டிருந்தது. ஆண்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக் கம்பை ஊன்றி வரிசையாக நின்று கதறிக்கொண்டிருந்தார்கள். ஊரார் பிறகு மெதெரை மெச்சினார்கள். பையன் கெட்டிக்காரன், கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை என்றார்கள். பூரூல் நாற்பதாம் நாள் வரை அவனிடம் பேசவில்லை.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது அவன் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

எர்மெக் அத்தான் அவனைத் தோளில் கைபோட்டுக் குதிரை கட்டும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அவகிட்ட சொல்ல வேணாம், சரி. என்கிட்ட சொல்லு. எப்ப?"

"எதுவும் ஆகல அத்தான். டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. ரெண்டு நாளோ மூணு நாளோன்னாரு. அதுல ஒருநாள் போயிடுச்சு. கண்ணைத் தொறக்கும்போதெல்லாம் பூரூல் வந்துட்டாளான்னு கேக்குறாரு. இருட்டுல கணவாய் ஏற முடியாம ராத்திரி கீழ தங்கிட்டேன், இல்லன்னா நேத்தே வந்திருப்பேன். நேத்து மத்தியானம் நான் கெளம்பும்போதுகூட ரெண்டு கரண்டி சூப் குடிச்சாரு."

"நேத்து மத்தியானம்," என்று எர்மெக் தலையசைத்தான். பிறகு திரும்பி, கூடாரத்து நிழலில் வந்து நின்ற தன் சித்தப்பா ஒஸ்மோனிடம் தணிந்த குரலில் சொன்னான். "நேத்து மத்தியானமாம்."

ஒஸ்மோன் இரு கைகளாலும் முகத்தைத் தடவிப் பிரார்த்தித்தார். மெதெர் பார்த்துக்கொண்டே நின்றான். அப்பா சூப் குடித்த நேரம் அப்பா செத்த நேரமாகப் பதிவாகிவிட்டது.

"பெரியவரே, நான் உண்மையைச் சொல்றேன்."

"அப்படித்தான் சொல்லணும் தம்பி," என்றார் ஒஸ்மோன். "ஒன் கடமைய நீ செய்யுற. நாங்க எங்க கடமைய செய்யுறோம்."

அவர்கள் கடமை நாலரை மணி நேரம் பிடித்தது. சோங்-கோல் ஏரிக்கு அந்தக் கரையில் இருந்த எர்மெக்கின் மூத்த மாமனைக் கூட்டிவர ஒருவன் குதிரையில் போனான். மாமன் வந்து சேராமல் பூரூலுக்கு விஷயத்தை முறைப்படி தெரிவிக்க முடியாது. தெரிவிக்காமல் அவளை அனுப்ப முடியாது. வெறும் வயிற்றோடு துக்கத்துக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு ஆட்டை அறுத்தார்கள். மெதெரின் கையில் எலும்புள்ள துண்டாகப் பார்த்துக் கொடுத்தார்கள். தொடாமல் வைத்தான், துக்கத்தில் இருக்கிறான், பாவம் என்றார்கள். பிறகு பசி தாங்காமல் சாப்பிட்டான். சாப்பிடட்டும், பாவம் என்றார்கள்.

மருமகன் வெறுங்கையோடு வரக்கூடாது என்பதால் ஒரு குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது என்று முடிவாயிற்று. எந்தக் குதிரை என்பதில் கொஞ்சம் வாக்குவாதம்.

"அத்தான், அவரு ஜன்னலோரமா படுத்திருக்காரு. நீங்க அறுக்குறதுக்குக் குதிரையோட வந்து எறங்கினா மனுஷன் என்ன நெனப்பாரு?"

"உயிரோட இருந்தா அவரே சாப்பிடட்டும்," என்றான் எர்மெக். சிரிக்கவில்லை. தன் மாமனார் சாவில் மச்சான் இப்படி விளையாடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மெதெரும் பூரூலும் மோட்டார் சைக்கிளில் முன்னால் புறப்படும்போது மணி பத்தரை.

*

கணவாயில் இன்னும் பனி கிடந்தது. வண்டி முனகிக்கொண்டே ஏறி உச்சிக்கு வந்ததும், கீழே பாதை மடிந்து மடிந்து பள்ளத்தாக்குக்குள் விழுந்தது. மேகத்தின் நிழல்கள் பச்சை மேட்டில் மந்தைபோல நகர்ந்தன. ஏதோ ஒரு குதிரைக்கூட்டம் பாதையின் நடுவில் நின்று இவர்களைப் பார்த்துவிட்டு, யோசித்து, ஒதுங்கியது. மற்ற நாளாக இருந்தால் மெதெர் இங்கே நிறுத்தி ஒரு சிகரெட் பிடித்திருப்பான். இன்று வளைவுகளில் சைட்கார் சக்கரம் தரையை விட்டு எழும்படி ஓட்டினான்.

"மெதுவா போ," என்று சைட்காரிலிருந்து பூரூல் கத்தினாள். பிரித்த கூந்தல் காற்றில் பறந்து அவள் வாயிலும் அவன் கையிலும் விழுந்தது. "செத்தவரு எங்கயும் ஓடிப்போக மாட்டாரு."

"சாகல. அதான் ஓடுறேன்."

"அம்மா கால் எப்படி இருக்கு?"

அவன் கைப்பிடியை இன்னும் முறுக்கினான். இதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவன் யாரும் இல்லை.

கோச்கோருக்கு வந்ததும் அவள் சைட்காரின் விளிம்பைத் தட்டினாள். கடைத்தெருவில் நிறுத்தச் சொன்னாள். கறுப்புத் துணி வாங்க வேண்டும். பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அப்பன் சாவுக்குப் போகும் மகள் என்று பேர் வாங்க அவள் தயாராக இல்லை.

"பூப்போட்டதே கட்டிக்க. அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும்."

"பிடிச்சது," என்று திருத்தினாள்.

அங்கே செல்போனில் இரண்டு கோடு சிக்னல் விழுந்தது. மெதெருக்கு உயிர் வந்தது. அண்ணன் தலாயை அழைத்தான்.

"எங்கடா இருக்கீங்க? பறந்து வா. மூச்சு ரொம்ப வாங்குது," என்றான் தலாய்.

"அண்ணே, அப்பாகிட்ட போனைக் குடு. ஒரு வார்த்தை பேசட்டும். இவ நம்ப மாட்டேங்குறா."

"இப்பதான்டா கண் அசந்தாரு. ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்தாரு."

"எழுப்புண்ணே."

"பைத்தியமா நீ?"

பூரூல் கைநீட்டிப் போனை வாங்கினாள். "தலாய், அப்பாகிட்ட குடு." கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு போனைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"தூங்குறாராம்," என்றாள்.

அதோடு அந்த வழக்கு முடிந்தது. துணிக்கடைக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் துணியை மடித்துக் கொடுத்துவிட்டு, பூரூலின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அப்பா செத்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள் என்று தொடங்கினாள். வெளியே வண்டியை உறுமவிட்டபடி மெதெர் இருபது நிமிஷம் நின்றான்.

*

பாலிக்சியைத் தாண்டியதும் பெரிய ஏரி வந்துவிட்டது. கரைக்காரர்கள் அதைக் கடல் என்றுதான் சொல்வார்கள். மறுகரை தெரியாது, அந்தப் பக்கத்துப் பனிமலைகள் மட்டும் அடிவாரம் இல்லாமல் நீருக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். வலப்பக்கம் செம்மண் குன்றுகள். இடப்பக்கம் ஒரே நீலம். நடுவில் பாதை, குழியும் மேடுமாக.

பூரூல் ஒப்பாரி கட்டிக்கொண்டிருந்தாள். மூத்த மகள் போய் இறங்கியதும் எல்லோரும் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். அங்கே போய் வார்த்தை தேட முடியாது.

"அப்பாகிட்ட அந்தச் செவலைக் குதிரை இருந்துச்சே, பந்தயத்துல எத்தனாவதா வந்துச்சு?"

"கடைசியா."

"சும்மா சொல்லு."

"கடைசிக்கு முந்தி. கடைசியா வந்தது செத்துப்போச்சு."

அவள் உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தாள். "செவலைப் புயலே" என்று ஒரு வரி காதில் விழுந்தது. அங்கே மனுஷன் ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார். இங்கே அவர் குதிரைக்கு எதுகை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"சீட்டாட்டத்துல ஏமாத்துவாரே, அதையும் சேத்துக்க."

"செத்தவரைப் பத்தி இப்படியா பேசுவ?"

"உயிரோட இருக்கறவரைப் பத்திப் பேசுறேன்."

இராகம் மாறியது. இப்போது முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டே பாடினாள். வண்டியின் சத்தத்தில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. திரைக்குப் பின்னால் நான் இருந்தேன், திரை தாண்டி நீ வரலை. என் செருப்பு வாசலில் கிடந்தது, உன் செருப்பைத் தேடி எடுத்துப் போனாய்.

மெதெர் வண்டியை ஓரம் கட்டினான்.

"இதையா அங்க பாடப் போற?"

"பாடக்கூடாதா?"

"எர்மெக் அத்தான் இருப்பாரு."

"இருக்கட்டும். அவருக்குத் தெரியாத கதையா?"

பதினாறு வருஷத்துக்கு முன் கோச்கோர் சந்தைக்குப் போன பூரூலை எர்மெக்கும் அவன் கூட்டாளிகளும் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். திரைக்குப் பின்னால் உட்கார வைத்துத் தலையில் மணப்பெண்ணுக்குரிய வெள்ளைத் துணி போட்டார்கள். தூக்கிக்கொண்டு போய்க் கட்டுவது அந்தப் பக்கத்தில் நடக்காத காரியம் அல்ல. அப்பன் வந்து திரும்பக் கூட்டிப்போவதும் நடக்காத காரியம் அல்ல. மூன்றாம் நாள் அப்பா போனார். பிள்ளைவீட்டார் தேநீர் வைத்தார்கள். அதைக் குடித்தால் சம்மதம். குடிக்காமல் எழுந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அப்பா குடித்தார்.

அதன்பிறகு பூரூல் வருஷத்துக்கு இரண்டு முறை பிறந்த வீட்டுக்கு வருவாள். அப்பாவும் அவளும் புல் விளைச்சல் பேசுவார்கள், ஆட்டு நோய் பேசுவார்கள். அந்த மூன்றாம் நாளை இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

"அக்கா, நெஜமா கேக்குறேன். அப்பா உயிரோட இருப்பாருன்னு ஒனக்குக் கொஞ்சம்கூடத் தோணலையா?"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டாருன்னா அழுதுட்டு வந்துடலாம் மெதெர். உயிரோட இருந்தா பேசணும்."

கரையில் அலை வந்து கூழாங்கற்களைப் புரட்டிவிட்டுப் போனது. மெதெர் இன்ஜினை அணைத்தான். நேற்று மத்தியானம் அப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்ன விஷயம் ஒன்று இருந்தது. காலையிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் வெட்கம். அப்பா அழுததை அவன் அதுவரை பார்த்ததில்லை; பார்த்தேன் என்று இன்னொருவரிடம் சொல்வது எப்படி என்று தெரியவில்லை.

"அப்பா ஒன்னு சொல்லச் சொன்னாரு," என்றான். "அன்னிக்கு மூணு கிண்ணம் டீ குடிச்சாராம்."

பூரூல் திரும்பினாள்.

"ரெண்டு கிண்ணம் அவங்க ஊத்துனாங்களாம். மூணாவது இவரே கேட்டு வாங்கினாராம். எந்திரிச்சா அந்தத் திரைப்பக்கம் பாக்க வேண்டியிருக்கும்னு பயந்து கேட்டாராம். மிச்சத்தை நானே சொல்றேன், அவ வரட்டும்னாரு."

"திரைக்குக் கீழ ஒரு கை எடவெளி இருந்துச்சு," என்றாள். "அவரு கை மட்டும் தெரிஞ்சுது. மூணாவது கிண்ணம். நானும் எண்ணுனேன். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"எனக்கு அது தெரியாது. நான் வெளிய இந்த வண்டிகிட்ட நின்னுட்டு இருந்தேன். போகும்போது என்னை சைட்கார்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பும்போது நீ எனக்குப் பின்னாடி உக்காரணும், சைட்கார் அக்காவுக்குன்னு சொல்லியிருந்தாரு. நானும் பின்னாடியே ஏறிட்டேன். வீடு வரைக்கும் சைட்கார் காலியாத்தான் வந்துச்சு. மாறி உக்காருன்னு அவரு சொல்லல. நானும் கேக்கல. நடுவுல மழை வந்துச்சு, அப்பயும் சொல்லல."

பூரூல் சைட்காரிலிருந்து இறங்கினாள். கால் மரத்திருந்ததால் தடுமாறினாள். கறுப்புத் துணியை அவிழ்த்துச் சுருட்டி இருக்கைக்குக் கீழே திணித்தாள்.

"எவ்வளவு நேரமாகும் இன்னும்?"

"ரெண்டு மணி நேரம். வேகமா போனா ஒன்றரை."

"மொகத்தைக் கழுவிட்டு வரேன். காலையிலேர்ந்து அழுது வீங்கிப்போயிருக்கு. இப்படியே போய் நின்னா பயந்துருவாரு." நடந்தவள் நின்று திரும்பினாள். "காலையிலேயே இதைச் சொல்றதுக்கு ஒனக்கு என்னடா?"

கூழாங்கற்களில் அவள் கிட்டத்தட்ட ஓடினாள். குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அறைந்துகொண்டாள். பிறகு அங்கேயே நின்று கூந்தலை மூன்றாக வகுத்துப் பின்னத் தொடங்கினாள்.

செல்போன் அடித்தது. தலாய்.

"எங்க வந்திருக்கீங்க?"

"கரையிலதான் அண்ணே. பாதி வந்துட்டோம். இவ நம்பிட்டா, இனிமே பறந்து வந்துடுவோம்."

அண்ணன் பக்கத்தில் யாரோ எதையோ இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

"மெதுவா வா," என்றான் தலாய்.

"என்னண்ணே?"

"ரோடு மோசம். அவசரப்படாத. வழியில ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க."

"அண்ணே."

"மெதுவா வாடா," என்றான் தலாய் மறுபடியும். குரல் பாதியில் உடைந்தது. போனை வைத்துவிட்டான்.

மெதெர் போனைச் சட்டைப்பையில் போட்டான். அந்தரத்தில் நின்ற பனிமலைகளில் வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு?" என்று பின்னலை முடிந்துகொண்டே பூரூல் வந்தாள்.

"அண்ணன்."

"என்னவாம்?"

பெரியவர்கள் காத்திருப்பார்கள். முற்றத்தில் அவளைப் பிடித்துக்கொள்ளப் பெண்கள் இருப்பார்கள். இந்தக் கூழாங்கல் கரையில் அவளைப் பிடித்துக்கொள்ள இவன் ஒருவன்தான் இருந்தான். காலையிலிருந்து எல்லாரிடமும் உண்மையைச் சொல்லித் தோற்றுப்போன வாய் அவனுடையது.

"எந்திரிச்சுட்டாராம்," என்றான். "நீ எங்கன்னு கேட்டாராம்."

அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் குனிந்து சக்கரத்தின் காற்றை அழுத்திப் பார்த்தான்.

"பாத்தியா," என்றாள் பூரூல், அப்பா உயிரோடு இல்லை என்று காலை முழுக்க அவனே சாதித்ததுபோல. ஏறி உட்கார்ந்து சைட்காரின் விளிம்பைத் தட்டினாள். "வண்டிய எடு."

எடுத்தான். மெதுவாகப் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் வேகமாகப் போனான். அவள் இன்னும் வேகம் என்றாள். இன்னும் வேகமாகப் போனான். குழிகளில் வண்டி தூக்கிப்போட்டது. எதிரே வந்த லாரிக்காரன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பக்கமும் பாப்லார் மரங்கள் வரிசையாக வந்து வரிசையாகப் பின்னால் போயின.

"ஏன்டா உம்முனு வர்ற? ஏதாவது பேசு."

"என்ன பேச?"

"அங்க யாரு யாரு இருக்கா, அதைச் சொல்லு. ஒன் அண்ணி எப்படிப் பாத்துக்குறா?"

பேசினான். அண்ணி சூப்பில் உப்புப் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும், அப்பா உப்பில்லாத சூப்பை வாயில் வைத்துவிட்டு, ஏரித் தண்ணியே பரவாயில்லை என்று சொன்னதையும் சொன்னான். டாக்டரின் தொப்பையை வர்ணித்தான். அப்பா அந்த டாக்டரிடம், என் மூச்சு கிடக்கட்டும், நீ குனிந்து உன் செருப்பை எடுத்துப் போடு பார்க்கலாம் என்று சவால் விட்டதை அப்பாவின் குரலிலேயே செய்து காட்டினான். இது நடந்ததுதான். போன வாரம் நடந்தது. பூரூல் முதலில் அடக்கிப் பார்த்தாள். பிறகு சைட்காரின் விளிம்பில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் செய்," என்றாள்.

இன்னொரு தரம் செய்தான். காற்று கண்ணில் அடித்தது. அதனால் அவன் முகம் ஈரமாக இருந்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

"நான் என்ன கேக்கப்போறேன்னு தெரியுமா?" என்றாள் திடீரென்று. "ஏன் கூட்டிட்டுப் போகலைன்னு கேக்க மாட்டேன். அது தெரியும், ஊருக்குப் பயம். திரும்பிப் போறப்ப ஒரு தரமாவது என் பேரைச் சொல்லிக் கூப்புட்டிருக்கலாம்ல, அதைக் கேப்பேன். என்ன சொல்றாருன்னு பாப்போம்."

"கேளு," என்றான் மெதெர்.

பிறந்த ஊரான தோசோருக்கு இரண்டு ஊர் முன்னால், தோப்பு ஓரமாகப் பெண்கள் வாளி வாளியாகச் சர்க்கரை பாதாமிப் பழங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூரூல் கையை உயர்த்தினாள்.

"நிறுத்து, நிறுத்து. வெறுங்கையோடயா போறது?"

நிறுத்தினான்.

"இன்ஜினை ஏன் அணைக்குற? ரெண்டு நிமிஷம்தான்," என்று சொல்லிக்கொண்டே இறங்கி, முதல் வாளிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எடுத்துக்க மகளே, எல்லாம் இன்னிக்குக் காலையில பறிச்சது," என்றாள் விற்கிறவள்.

"எங்கப்பாவுக்கு. பல்லு கெடையாது. கைய வெச்சா அமுங்குற மாதிரி வேணும்."

"அப்ப அடியில பாரு. கனிஞ்சது அடியிலதான் கெடக்கும்."

பூரூல் வாளியைப் பாவாடையில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடிபட்டது வேண்டாம், காம்புப் பக்கம் பச்சையாக இருப்பது வேண்டாம். மடியில் நாலு சேர்ந்தது. நாலும் போதாது என்று அடுத்த வாளிக்கு நகர்ந்தாள். மாலை வெயில் தோப்புக்குள் சாய்ந்து இறங்கியிருந்தது.

காலையிலிருந்து அவளை அவசரப்படுத்திக்கொண்டிருந்தவன் வந்து பக்கத்தில் குந்தினான். முதல் வாளியைத் தன் பக்கம் இழுத்து, அவள் பார்க்காமல் விட்டிருந்த பழங்களில் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.